ஆட்டோ டிஸ்கவரி தினமும் ஒரு நம்பர் சொல்லுது, எதை நம்பறது?

இங்க ஒரு தம்பி கேட்டிருக்கறது இதுதான். மன்னார்குடில தலைமை ஆஸ்பத்திரி, திருத்துறைப்பூண்டிலயும் முத்துப்பேட்டைலயும் ஒவ்வொரு கிளை, ஐடிக்கு இவர் ஒருத்தர்தான். ராத்திரி 2 மணிக்கு ஆட்டோ டிஸ்கவரி, அதாவது நெட்வொர்க்ல என்னென்ன டிவைஸ் இருக்குன்னு தேடி லிஸ்ட் போடற டூல், தானா ஓடுது, சொத்து ரிஜிஸ்டர்ல 412 டிவைஸ் இருக்கு, ஆனா டூல் ஒரு நாள் 365-ங்குது, மறுநாள் 338-ங்குது, போன வாரம் திடீர்னு 501-ன்னு வந்து நிக்குது. ஆடிட்டுக்கு லிஸ்ட் குடுக்கணும், டூலை மாத்திடலாமான்னு கேக்கறாரு. எனக்கு மேல பதில் எழுதின ரெண்டு பேரு மாத்துங்கன்னு சொல்லி டூல் பேரும் குடுத்துட்டாங்க. ஆனா கேள்விய ரெண்டு தடவ படிச்சுப் பாத்தா இவருக்கு வேண்டியது டூல் இல்ல, மூணு நம்பர்ல எது உண்மைங்கறதுதான். அதை எந்த டூலும் சொல்லாது, புது டூல் போட்டா நாலாவதா ஒரு நம்பர் கிடைக்கும், அவ்ளோதான்.

நான் தஞ்சாவூர்ல உக்காந்துட்டு டெல்டா முழுக்க நெட்வொர்க் வேலை பாக்கறவன், பதினேழு வருஷம் ஆச்சு, மொத நாலு வருஷம் வெறும் கேபிள் இழுத்ததுதான். காலேஜ், ஆஸ்பத்திரி, ரைஸ் மில், நகைக்கடைன்னு பாத்தாச்சு. அதனால கீழ எழுதறதுல எது யாரு நெட்வொர்க்கா இருந்தாலும் மாறாதோ அதை அப்படியே அடிச்சு சொல்றேன், உங்க இடத்தைப் பாக்காம நானா ஊகிக்கறதை ஊகம்னே சொல்லிடறேன், ரெண்டையும் கலந்துடாதீங்க.

மொதல்ல ஒண்ணு. டிஸ்கவரில ஒரு டிவைஸ் "வரல"ன்னா அது இல்லைன்னு அர்த்தம் இல்ல, டூலுக்கு பதில் கிடைக்கலன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரு டிவைஸ் லிஸ்ட்ல ஏறணும்னா நாலு மதகு தாண்டணும். ஐபில (நெட்வொர்க்ல ஒரு டிவைஸோட முகவரி) உசுரு இருக்கான்னு பாக்கணும், பேச்சுக் குடுத்தா பதில் சொல்லணும், அது என்ன சாமான்னு டூலுக்கு அடையாளம் தெரியணும், கடைசியா ஏற்கனவே இருக்கற பதிவோட சேருதா புதுசான்னு முடிவு பண்ணி எழுதணும். நம்ம ஊர்ல கடைமடைக்கு தண்ணி வரலைன்னா மேட்டூர்ல திறக்கலைன்னு சண்டைக்கு போறதுக்கு முன்னாடி எந்த மதகுல நிக்குதுன்னு வாய்க்கா கரையோட நடந்து பாக்கறோம்ல, அந்த வேலைதான் இதுவும். அதனால 338-ன்னு ஒரே நம்பரை பாக்காதீங்க. அதே ஓட்டத்துல எத்தனை ஐபி தட்டினது, எத்தனை உசுரோட இருந்தது, எத்தனை பேசினது, எத்தனைக்கு அடையாளம் தெரிஞ்சது, எத்தனை பதிவுல ஏறினதுன்னு தனித்தனியா எடுங்க. பெரும்பாலான டூல்ல லாக்ல இது இருக்கும், முகப்புல காட்டாம உள்ள ஒளிச்சு வெச்சிருப்பாங்க.

501-ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா குறைஞ்சா பதறுறவங்க கூடினா சந்தோஷப்பட்டுக்கறாங்க, அது தப்பு. ரிஜிஸ்டரை விட அதிகமா வந்தா பெரும்பாலும் ஒரே ஆளு பல பேர்ல வந்திருக்காருன்னு அர்த்தம். உங்க கேஸ்ல என் ஊகம் செல்போன். அன்னிக்கு யாரோ பகல்ல கையால ஒரு தடவை ஓட்டியிருப்பாங்க, இல்ல கெஸ்ட் வைஃபை ரேஞ்சும் சேந்து மாட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்து போனுங்க வைஃபைக்கு வழக்கமா நிஜ மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டுக்கு கம்பெனி குடுக்கற நம்பர்) காட்டறதில்ல, தானா ஒண்ணு உருவாக்கி காட்டுது, அதனால மேக்கை வெச்சு ஆளை அடையாளம் பாக்கற டூலுக்கு ஒரே போன் வெவ்வேற ஆளா தெரியலாம். கண்டுபிடிக்கறது லேசு, மேக்கோட ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நாலுல ஒண்ணா இருந்தா அது கம்பெனி குடுத்த அட்ரஸ் இல்ல. போன்னு இல்லாம சில விர்ச்சுவல் மெஷினும் அப்படி வரும், அதனால அந்த லிஸ்ட்டை தனியா பிரிச்சு ஒரு தடவை கண்ணால பாத்துட்டு தள்ளுங்க. 501-ல இருந்து எவ்வளவு கழியுதுன்னு பாத்தா பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சுடும்.

போனுக்கு அடுத்தது ரௌட்டர். ஒவ்வொரு விலானுக்கும் (ஒரே நெட்வொர்க்கை பிரிச்சு வெச்ச பகுதி) ஒரு ஐபி வெச்சிருக்கும், டூல் அதை ஒரே பெட்டின்னு சேக்கத் தெரியாம ஆறு பெட்டியா எழுதிடும். இன்னொரு கூத்து, சில ஃபயர்வால் தனக்குப் பின்னாடி இருக்கற மொத்த ரேஞ்சுக்கும் தானே பதில் சொல்லும், ஆளே இல்லாத ஐபிக்கும் "இருக்கேன்"ங்கும். ஒரு /24-ல, அதாவது 254 முகவரி இருக்கற ஒரு ரேஞ்சுல, 254-ம் உசுரோட இருக்குன்னு வந்தா ஊர்க்கூட்டம் வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க, யாரோ ஒருத்தன் எல்லாருக்கும் சேத்து உள்ளேன் ஐயா சொல்றான்.

இதுக்கு நேர் எதிரான வியாதியும் உண்டு, அதுதான் ரொம்ப பேரை ஏமாத்தறது. பல பேரு ஒரே ஆளா ஆகிடறது. சில வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் லேப்ல 60 கம்ப்யூட்டர், எல்லாம் அசெம்பிள் பண்ணது. டிஸ்கவரில 60-ம் பேசுது, பதில் சொல்லுது, லாக்ல எல்லாம் பச்சை, ஆனா லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதோட ஐபி மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறிக்கிட்டே இருக்கு. ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டோம். கடைசில பாத்தா அந்த மதர்போர்டுல சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல "டு பி ஃபில்டு பை ஓஇஎம்"னு எழுதியிருக்கு. அதாவது விக்கறவன் நிரப்பிக்கணும், யாரும் நிரப்பல. டூல் சீரியல் நம்பரை வெச்சு ஆள் சேக்குது, 60 பேருக்கும் ஒரே சீரியல், அப்போ 60 பேரும் ஒரே ஆளு. நம்ம பக்கம் கிளினிக், ஆஸ்பத்திரில பில்லிங் கவுண்டர்ல அசெம்பிள் சிஸ்டம்தான் நிறைய, அதனால உங்க டேட்டாபேஸ்ல சீரியல் நம்பர் கட்டத்துல இந்த வார்த்தைய தேடுங்க, "டிஃபால்ட் ஸ்ட்ரிங்"னும் தேடுங்க, வெறும் பூஜ்யமா இருக்கறதையும் தேடுங்க. கிடைச்சா அதெல்லாம் அடையாளமா எடுத்துக்காதேன்னு ரூல்ல சொல்லிடுங்க. டூலை மாத்தறவங்க இதை பண்ணாம மாத்தினா புது டூல்லயும் இதே கதைதான்.

இப்ப 365-க்கும் 338-க்கும் வரேன். ராத்திரி 2 மணிக்கு ஓட்டறீங்க. ஓபி கவுண்டர், ஆபீஸ் ரூம், ஸ்கேன் ரிப்போர்ட் அடிக்கற சிஸ்டம் எல்லாம் சாயந்தரம் அணைச்சுட்டு வீட்டுக்கு போயிருப்பாங்க, போகணும், கரன்ட் பில்லு யாரு கட்றது. அணைச்சு கிடக்கற கம்ப்யூட்டர் பிங்குக்கு (இருக்கியான்னு கேக்கற பாக்கெட்டு) பதில் சொல்லாது. லேப்டாப் வெச்சிருக்கற டாக்டர் அன்னிக்கு நைட் ட்யூட்டியா இல்லையாங்கறதை பொறுத்து நம்பர் ஆடும். இதுல கண்டுபிடிக்க எதுவும் இல்ல, நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிளெல்லாம் வந்து சேர்ற பெட்டி), சர்வர், யூபிஎஸ், கேமராவை ராத்திரியும், கம்ப்யூட்டரை காலைல 11 மணிக்கும் ஓட்டுங்க. பகல்ல ஓட்டினா நெட்வொர்க் படுத்துடும்னு பயப்படுவாங்க, ஒரு பிங் பாக்கெட்டு நூறு பைட்டு கூட இல்ல, நீங்க ஒரே சமயத்துல எத்தனை தட்டறீங்கங்கறதை குறைச்சு வெச்சா யாருக்கும் தெரியாது.

அணைக்காம இருந்தும் வராதது அடுத்த ரகம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு வழக்கமா பதில் சொல்ல விடாது, நாமதான் திறந்து விடணும், அதனால பிங்கை மட்டும் நம்பற டிஸ்கவரிக்கு பாதி ஆபீஸ் கண்ணுக்கே தெரியாது. என்மேப்ங்கற பழைய கருவி, 1997-ல வந்தது, அது அட்மின் உரிமையோட ஓடும்போது ஆள் இருக்கான்னு பாக்கவே நாலு விதமா தட்டும், பிங், 443-ம் போர்ட்டுக்கு (ஒரு சேவைக்கான கதவு நம்பர்) இணைப்பு கேக்கற சின் பாக்கெட்டு ஒண்ணு, 80-க்கு இணைப்பை ஒத்துக்கற ஆக் பாக்கெட்டு ஒண்ணு, அப்பறம் நேரம் கேக்கற ஐசிஎம்பி டைம்ஸ்டாம்ப். ஏன் நாலுன்னா ஒரு கதவு பூட்டியிருந்தாலும் இன்னொண்ணு திறந்திருக்கும்னு. அதுவே ஒரே நெட்வொர்க்குள்ள இருந்தா ஏஆர்பில (இந்த ஐபி யாரு மேக்குன்னு கேக்கற முறை) கேக்கும், ஏஆர்பிக்கு பதில் சொல்லாம எவனும் ஒளிய முடியாது, சொல்லலைன்னா அவனுக்கு நெட்வொர்க்கே கிடையாது. ஆனா ஏஆர்பி ரௌட்டரை தாண்டாது. உங்க டூல் மன்னார்குடில உக்காந்திருக்கு, முத்துப்பேட்டைக்கு அதோட ஏஆர்பி போகாது. அதனால கிளை நெட்வொர்க்ல இருக்கறவங்களை தெரிஞ்சுக்க அந்த ஊர் ரௌட்டர்கிட்டயே அதோட ஏஆர்பி டேபிளை எஸ்என்எம்பில (டிவைஸ்கிட்ட அதோட விவரத்தை கேக்கற முறை) கேட்டு வாங்கணும், அல்லது கிளைல சின்னதா ஒரு கலெக்டர், அதாவது அங்கேயே தேடி விவரம் அனுப்பற மெஷின், வைக்கணும். நான் ரெண்டாவதை சொல்லுவேன், பழைய டெஸ்க்டாப் ஒண்ணு போதும். டேபிளை கேக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, சிஸ்கோல ஏஆர்பி நினைவு வழக்கமா 4 மணி நேரம், ஸ்விட்ச்சோட மேக் டேபிள் (எந்த மேக் எந்த கேபிள் போர்ட்டுலங்கற கணக்கு) நினைவு 5 நிமிஷம்தான். ஒருத்தன் கிளம்பிப் போய் 3 மணி நேரம் ஆனாலும் ரௌட்டர் "இருக்கான்"ங்கும், ஸ்விட்ச் "எந்த போர்ட்டுன்னு தெரியல"ங்கும், ரெண்டும் பொய் சொல்லல.

அடுத்த மதகு எஸ்என்எம்பி. அதோட வி2சி வெர்ஷன்ல கம்யூனிட்டி வார்த்தை (பாஸ்வேர்டு மாதிரி) தப்பா குடுத்தா "தப்பு"ன்னு பதில் வராது, கம்முனு இருக்கும். பாஸ்வேர்டு தப்பு, ஃபயர்வால் அடைச்சிருக்கு, எஸ்என்எம்பியே ஆன் பண்ணல, டிவைஸே இல்ல, இந்த நாலுக்கும் டூலுக்கு கிடைக்கறது ஒரே மௌனம்தான். அதனால லாக்ல "டைம் அவுட்"னு வந்தா லிங்க் ஸ்லோன்னு முடிவு கட்டாதீங்க. இன்னொண்ணு, நிறைய ஸ்விட்ச்சுல "இந்த ஐபில இருந்து கேட்டா மட்டும் பதில் சொல்லு"ன்னு ஆக்சஸ் லிஸ்ட் போட்டிருப்பாங்க. சர்வரை மாத்தினப்ப புது ஐபி குடுத்துட்டு இதை மறந்துட்டா ஒரே ராத்திரில ஐம்பது ஸ்விட்ச் காணாம போகும். ஒரே மாதிரி டிவைஸ் மொத்தமா காணோம்னா டிவைஸை பாக்காதீங்க, கேக்கறவனை பாருங்க.

மௌனத்துக்கு ஒரு விலை இருக்கு, அது நேரம். கணக்கு போட்டு காட்றேன். நீங்க அஞ்சு கம்யூனிட்டி வார்த்தை லிஸ்ட்ல வெச்சிருக்கீங்கன்னு வைங்க, பழையவர் ஒண்ணு, அதுக்கு முந்தினவர் ஒண்ணுன்னு அப்படித்தான் சேரும். ஒவ்வொண்ணுக்கும் 2 செகண்டு காத்திருந்து மூணு தடவை முயற்சி பண்ணுது. அப்போ பேசாத ஒரு ஐபிக்கு 30 செகண்டு போச்சு. நாலு /24 ரேஞ்சுன்னா 1016 முகவரி, அதுல 650-ல ஆளே இல்ல, "பிங் வராட்டியும் முயற்சி பண்ணு"ங்கற டிக்கை யாரோ போட்டு வெச்சிருக்காங்க. ஒண்ணொண்ணா போனா 19,500 செகண்டு, 5 மணி 25 நிமிஷம், யாருமே இல்லாத வீட்டு கதவை தட்டறதுக்கு மட்டும். ராத்திரி 2 மணிக்கு ஆரம்பிச்சது காலைல ஏழரை ஆகிடும். நடுவுல 6 மணி வரைக்கும்தான் ஓடணும்னு ஒரு வரம்பு வெச்சிருந்தா பாதில நின்னுடும், நின்னதை சில டூல் "முடிஞ்சது"ன்னே எழுதும். அப்போ யாரு அடிபடுவான்? வரிசைல கடைசியா இருக்கற ரேஞ்சு. கடைமடைக்காரன்தான் எப்பவும். உங்களுக்கு 365 வந்த நாள் லிஸ்ட்டையும் 338 வந்த நாள் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, காணாம போன 27 எந்த ரேஞ்சுன்னு மட்டும் பாருங்க. சிதறி இருந்தா அணைச்சு வெச்ச கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே கிளைலன்னா லிங்க். எல்லாம் வரிசைல கடைசி ரேஞ்சுன்னா நேரம் போதல. இதை ரொம்ப நம்பிக்கையா சொல்றேன், பல இடத்துல இந்த ஒரு ஒப்பீட்டுலயே விடை கிடைச்சிருக்கு.

நேரம்தான் பிரச்சனைன்னா எல்லாத்தையும் ஒரே ராத்திரில ஓட்டாதீங்க, முறை வெச்சு தண்ணி விடற மாதிரி ரேஞ்சுக்கு ஒரு நாள், ஒரு நேரம்னு பிரிங்க. ஒரு ஓட்டம் முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சு ரெண்டும் ஒரே டிவைஸ்கிட்ட கேள்வி கேட்டு அது திணறி ரெண்டுக்கும் பதில் சொல்லாம விட்டதையும் பாத்திருக்கேன். அப்பறம் அந்த அஞ்சு வார்த்தைய ரெண்டா குறைங்க.

கிளை லிங்க்கை பத்தி. விபிஎன் (இன்டர்நெட் வழியா கிளைய சேக்கற தனிப் பாதை) வழியா போற இடத்துல விசித்திரமா ஒண்ணு நடக்கும், டிவைஸ் பேரு, மாடல் எல்லாம் வரும், இன்டர்ஃபேஸ் லிஸ்ட் கேட்டா மட்டும் டைம் அவுட். காரணம் சைஸ். பேரு சின்ன பாக்கெட், லிஸ்ட்டை ஒரே மூச்சுல கேட்டா பதில் பெருசாகி உடைஞ்சு போகும், உடைஞ்ச துண்டுல ஒண்ணு வழில விழுந்தா, விழுந்ததை திருப்பி அனுப்பாத யூடிபி முறைல மொத்தமும் போச்சு. டூல் செட்டிங்ல மேக்ஸ் ரெபிடிஷன்னு, ஒரே மூச்சுல எத்தனை வரி கேக்கறதுங்கறது, இருக்கும், அதை 10-க்கு குறைச்சு பாருங்க. சரியாச்சுன்னா இதுதான். இன்னொரு சந்தேகமும் இருக்கு, பல ஐபி வெச்சிருக்கற ரௌட்டர்கிட்ட ஒரு ஐபில கேட்டா இன்னொரு ஐபில இருந்து பதில் அனுப்பும், நடுவுல இருக்கற ஃபயர்வால் "உன்னை யாரும் கேக்கலையே"ன்னு தள்ளிடும். இது ரெண்டுல எதுங்கறதை இங்கேருந்து சொல்ல முடியாது, சர்வர்ல வயர்ஷார்க் (போற வர்ற பாக்கெட்டை காட்டற சாஃப்ட்வேர்) போட்டு எஸ்என்எம்பி போற யூடிபி 161-ஐ ஒரு நிமிஷம் பாத்தா தெரிஞ்சுடும், பதில் வேற ஐபில இருந்து வருதா, வரவே இல்லையான்னு. வரவே இல்லைன்னா கிளை பக்கமும் ஒரு தடவை பாக்கணும், வழில ஃபயர்வாலே முழுங்கியிருக்கலாம்.

எஸ்என்எம்பில வி3 வெர்ஷன் வெச்சிருக்கீங்களான்னு எழுதல. வெச்சிருந்தா கரன்ட் கட்டுக்கும் அதுக்கும் ஒரு பகை இருக்கு, சொல்லியே ஆகணும். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு, அப்பறம் பல ஊர்ல கரன்ட் வர நாளாச்சு, உங்களுக்கு தெரியாததா. நாங்க பாத்துக்கிட்ட ஒரு ஆபீஸ்ல ஜெனரேட்டர் போடறதும் டீசல் தீந்து நிக்கறதுமா ஒரு நாளைக்கு பத்து தடவை ஸ்விட்ச் அணைஞ்சு எரியும். கரன்ட் நிலையா வந்தப்பறமும் நாலு ஸ்விட்ச் மட்டும் டிஸ்கவரில வரவே இல்ல. பிங் வருது, உள்ள போக முடியுது, பாஸ்வேர்டு சரி, எஸ்என்எம்பி மட்டும் இல்ல. வி3-ல டிவைஸ் தான் எத்தனை தடவை பூட் ஆனேன்னு ஒரு எண்ணிக்கை வெச்சிருக்கும், கேக்கற சர்வரும் அதை ஞாபகம் வெச்சுக்கும். எண்ணிக்கை முன்னாடிதான் போகணும், பின்னாடி போனா யாரோ பழைய பதிலை திருப்பி அனுப்பி ஏமாத்தறான்னு சர்வர் தள்ளிடும், பூட் எண்ணிக்கை சரியா இருந்தாலும் நேரம் 150 செகண்டுக்கு மேல பிசகினாலும் தள்ளிடும். அந்த நாலு ஸ்விட்ச்சும் எண்ணிக்கைய ஒழுங்கா சேமிக்காம ஒண்ணுல இருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கு. சர்வர்ல டிஸ்கவரி சர்வீஸை நிறுத்தி திரும்ப போட்டதும் பழைய ஞாபகம் போயி எல்லாம் வந்துடுச்சு. ஒரு ரீஸ்டார்ட்டுக்கு மூணு நாள் முழிச்சிருந்தேன்.

விண்டோஸ் மெஷின் உள்ள போயி விவரம் எடுக்கறது டபிள்யூஎம்ஐ. அது 135-ம் போர்ட்டுல ஆரம்பிச்சு 49152-ல இருந்து 65535 வரைக்கும் எங்க வேணா தாவும், 135-ஐ மட்டும் திறந்து வெச்சுட்டு ஏன் வரலைங்கறவங்க நிறைய. பழைய டூலா இருந்தா இன்னொண்ணும் பாருங்க, மைக்ரோசாஃப்ட் டிகாம் (டபிள்யூஎம்ஐ தூரத்துல இருந்து பேச பயன்படுத்தற வழி) பாதுகாப்பை இறுக்கி 2023 மார்ச்ல இருந்து அதை அணைக்கவே முடியாதபடி பண்ணிட்டாங்க, அப்டேட் பண்ணாத டூல் அன்னில இருந்து "ஆக்சஸ் டினைடு"ங்கும், பாஸ்வேர்டு சரியா இருந்தாலும். டொமைன்ல இருக்கற மெஷின்னா கடிகாரத்தையும் பாருங்க, டொமைன்ல ஆளை சரிபாக்கற கெர்பரோஸ் வழக்கமா 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் பொறுக்காது, மதர்போர்டு பேட்டரி செத்த சிஸ்டம் ஒவ்வொரு கரன்ட் கட்டுக்கும் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்கு போயிடும், நேரத்தை யாரும் சரி பண்ணலைன்னா அன்னிக்கு அது டிஸ்கவரிக்கு செத்த மாதிரிதான். ஒரு சின்ன பேட்டரிதான்.

அடையாளம் தெரியாம நிக்கறது மூணாவது மதகு, இதுல அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. டிவைஸ்கிட்ட 1.3.6.1.2.1.1.2.0-ன்னு கேட்டா தான் எந்த கம்பெனின்னு ஒரு நம்பர் சொல்லும், சிஸ்கோன்னா 9, ஹெச்பின்னா 11, மைக்ரோடிக்னா 14988. 8072-ன்னு வந்தா அது கம்பெனி இல்ல, நெட்-எஸ்என்எம்பிங்கற பொது சாஃப்ட்வேர், கேமரா ரெக்கார்டர், யூபிஎஸ் கார்டு, ஸ்டோரேஜ் பெட்டி இப்படி பலதுல அது இருக்கும், டூல் எல்லாத்தையும் லினக்ஸ் சர்வர்னு எழுதிடும். ஒரு நகைக்கடைல 14 லினக்ஸ் சர்வர் இருக்குன்னு ரிப்போர்ட் வந்து முதலாளி என்னையே கேட்டாரு, நான் வாங்கவே இல்லையேன்னு.

உங்களுது ஆஸ்பத்திரிங்கறதால இதை மட்டும் கண்டிப்பா சொல்றேன். ஸ்கேன் மெஷின், மானிட்டர், லேப் அனலைசர் இருக்கற ரேஞ்சுல போர்ட் ஸ்கேன் போடாதீங்க. பழைய மருத்துவ கருவில இருக்கற நெட்வொர்க் சாஃப்ட்வேர் எதிர்பாக்காத கேள்வி வந்தா தொங்கிடும், எது தொங்கும் எது தொங்காதுன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது, நோயாளி மேல மாட்டியிருக்கும்போது அந்த சோதனை வேண்டாம். அந்த ரேஞ்சை டிஸ்கவரில இருந்து எடுத்துட்டு, ஸ்விட்ச்சோட மேக் டேபிள்ல இருந்து மட்டும் படிங்க, பயோமெடிக்கல் பாக்கறவர்கிட்ட லிஸ்ட்டை வாங்கி கையால ஏத்துங்க. பிரிண்டரும் அப்படித்தான், 9100 போர்ட்டுக்கு எது வந்தாலும் அச்சடிச்சு தள்ளும், என்மேப்பே வெர்ஷன் பாக்கும்போது 9100-ல இருந்து 9107 வரைக்கும் தானா விட்டுடும். நான் கத்துக்கிட்டது வேற டூல்ல, ஒரு ஆபீஸ்ல காலைல வந்து பாத்தா எல்லா பிரிண்டர்லயும் கிறுக்கல் எழுத்தா ஒரு கட்டு பேப்பர். கொஞ்ச நாளைக்கு என்னை பேய் ஓட்டறவன்னே கூப்பிட்டாங்க.

சரி, தினமும் இதை எப்படி கண்காணிக்கறதுன்னா நான் பண்றது இது. ஒவ்வொரு கிளையிலயும் எப்பவும் எரியற மூணு டிவைஸை காவலுக்கு வெச்சுக்குவேன், ஒரு கோர் ஸ்விட்ச், ஒரு யூபிஎஸ் கார்டு, ஒரு கேமரா ரெக்கார்டர், மூணும் வேற வேற ரகம். டிஸ்கவரில அந்த மூணும் வரலைன்னா அன்னிக்கு அந்த கிளையோட மொத்த நம்பரையும் தூக்கி போட்டுடுவேன், அது ஓட்டமே இல்ல. மூணுல ஸ்விட்ச் மட்டும் வரலைன்னா அந்த ரகத்துக்கான பாஸ்வேர்டு பக்கம் போவேன். அப்பறம் ஓட்டம் எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னு அலாரம், எத்தனை கண்டுபிடிச்சதுன்னு இல்ல. வழக்கமா 40 நிமிஷத்துல முடியறது 2 மணி நேரம் ஆனா எங்கயோ மௌனம் கூடியிருக்கு, நம்பர் குறையறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சுடும். ஒரு நாள் வரலைன்னு எந்த டிவைஸையும் அழிக்க விடாதீங்க, கடைசியா பாத்த தேதிய மட்டும் வெச்சுக்கிட்டு 30 நாள் தாண்டினா கேள்வி கேக்கற மாதிரி வைங்க, லீவுல போன டாக்டரோட லேப்டாப் அழிஞ்சு புதுசா பதிவாகி, வாரண்டி விவரமெல்லாம் போன கதை உண்டு.

கடைசியா உங்க 412. அதை மட்டும் ஏன் உண்மைன்னு நினைக்கறீங்க? யாரு எழுதினது, எப்ப எழுதினது? ரிஜிஸ்டர்ல ஏத்த ஆள் இருக்கும், நீக்க ஆள் இருக்காது. ஸ்டோர் ரூம்ல தூசி படிஞ்சு கிடக்கற மானிட்டர் கூட டிவைஸா ஏறியிருக்கலாம், அதுக்கு ஐபியே கிடையாது, எந்த காலத்துலயும் டிஸ்கவரில வராது. அதே மாதிரி அந்த எட்டு போர்ட்டு சாதா ஸ்விட்ச், மேசைக்கு அடியில ஒட்டி வெச்சிருப்பாங்களே, அதுக்கும் ஐபி இல்ல, ரிஜிஸ்டர்ல இருந்தா இருக்கும், டிஸ்கவரில இருக்காது. பெரிய ஸ்விட்ச்சோட ஒரே போர்ட்ல ஆறேழு மேக் தெரிஞ்சா அங்க ஒண்ணு ஒட்டியிருக்குன்னு மோப்பம் பிடிக்கலாம், ஆனா அது ஐபி போனுக்குப் பின்னாடி மாட்டின கம்ப்யூட்டரோ, விர்ச்சுவல் மெஷின் ஓடற சர்வரோ, வைஃபை பெட்டியோவா கூட இருக்கலாம், போயி பாத்தாதான் நிச்சயம்.

அதனால ஆடிட்டுக்கு முன்னாடி மூணு இடத்துலயும் ஓடாதீங்க, முத்துப்பேட்டைதான் சின்னதா இருக்கும்னு நினைக்கறேன், ஒரு நாள் காலைல 11 மணிக்கு அந்த ரேஞ்சை மட்டும், கருவிங்க ரேஞ்சை விட்டுட்டு, ஓட்டுங்க. ஓடற நேரத்துலயே ரிஜிஸ்டரை பிரின்ட் எடுத்துக்கிட்டு ரூம் ரூமா நடந்து டிக் போடுங்க, டிஹெச்சிபி லீஸ் லிஸ்ட்டையும் (எந்த டிவைஸுக்கு எந்த ஐபி தானா குடுத்திருக்குங்கற கணக்கு) அன்னிக்கே எடுத்து வைங்க. மூணு லிஸ்ட்லயும் இருக்கறது, ரெண்டுல இருக்கறது, ஒண்ணுல மட்டும் இருக்கறதுன்னு பிரிச்சுட்டு, லாக்ல இருந்து ஒவ்வொரு மதகுலயும் எத்தனை நின்னுச்சுங்கற நம்பரோட இங்கயே போடுங்க, வி2சி-யா வி3-யாங்கறதையும் எழுதுங்க. ஐபி, பாஸ்வேர்டு எதையும் போட்டுடாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் நான் இந்தப் பக்கம் வருவேன், பாத்துட்டு சொல்றேன்.